நாலு மூலை மஞ்சள்

ஆகஸ்ட் 4, திங்கள்

வானிலை: வெயில். கொத்தனார் 3. சித்தாள் 4. வேலை: எண்ணெய் ஆலைக் கிடங்கு, கிழக்குச் சுவர், ஜன்னல் மட்டம் வரை.

சைட் டைரியில் வழக்கமாக இத்தோடு நிறுத்திவிடுவேன். இன்றைக்கு மீதிப் பக்கத்தையும் எழுதியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் யாரையாவது திட்டித் தீர்த்துவிடுவேன், வீட்டில் என் வீட்டுக்காரர் ஒருவர்தான் இருக்கிறார், பாவம்.

எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் புதிதாகப் பிரசவ வார்டு கட்டப்போகிறார்கள். முதல்முறையாக என் பெயரில், 'கோகிலவாணி கட்டுமானம்' என்ற பெயரில், டெண்டர் போடலாம் என்று விண்ணப்பம் வாங்கப் போனேன். குமாஸ்தா என் பதிவுச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்குக் குடுக்க முடியாதுங்கம்மா. உங்க தொழில் வகைப்பாடு வேறயா இருக்குது. 'கட்டட முடிப்பு வேலை: பூச்சு, வர்ணம்'னு போட்டிருக்குது. இந்த வேலைக்கு 'குடியிருப்பு அல்லாத கட்டடம் கட்டுதல்'ங்கற வகையில இருக்கோணும்."

"அந்த வகையில யாரு இருக்கறாங்க?"

"நம்ம தாலூக்காவுல ஒரே கம்பெனிதானுங்க. உங்கண்ணன் கம்பெனி."

பதினோரு வருஷமாக அண்ணன் எடுக்கும் வேலைகளையெல்லாம் கட்டுகிறவள் நான். இரண்டு அரிசி ஆலை, நாலு கிடங்கு, ஒரு கல்யாண மண்டபம், ஒரு பள்ளிக்கூடம். ஒன்றில்கூட யாரும் குடியிருக்கவில்லை. வர்ணம் அடிப்பது கேவலமான தொழில் இல்லை. ஆனால் அது நான் செய்கிற தொழில் இல்லை. ஒருத்தி செய்யாத வேலையை அவள் தலையில் எழுதி, செய்த வேலையை அழித்துவிட்டால் கோபம் வருமா வராதா?

டெண்டர் போடக் கடைசி நாள் செப்டம்பர் 12. அதற்குள் இந்த வகைப்பாட்டை மாற்றியே தீருவேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கொத்தனார் 3. சித்தாள் 3. ஒருத்திக்குக் காய்ச்சல்.

என் பதிவை ஆறு வருஷத்துக்கு முன்பு செய்து கொடுத்தது பஸ் நிலையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் முரளிதரன். போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

அவன் கொஞ்சமும் பதறவில்லை. "கட்டட வேலைன்னு யாரு வந்தாலும் பழைய பாரத்தைத் திறந்து பேரை மட்டும் மாத்திருவனுங்கக்கா. தொழில் வகைக்குன்னு இருக்கற அஞ்சு இலக்க நம்பர்ல கையை வெச்சா சில சமயம் கம்ப்யூட்டர் தொங்கிப்போயிருமுங்க."

"முதல் பாரம் யாரோடது?"

"நம்ம பெயின்டர் சுப்பையனோடதுங்க."

அதன்பிறகு வந்த பதினேழு பேரும் சுப்பையன் வழியில் பெயின்டராகிவிட்டோம். பாலம் கட்டுகிற ராயப்பன் பெயின்டர். கோழிப்பண்ணை கொட்டகை போடுகிறவர் பெயின்டர். அண்ணனுடையதை மட்டும் நகரத்து ஆடிட்டர் பதிவு செய்ததால் அது சரியாக இருக்கிறது.

"அப்போ நம்ம ஊர்ல இருக்கற ஆலை, மண்டபம் எல்லாம் தானா முளைச்சுதாடா?"

"சர்க்கார் பதிவுப்படி அப்படித்தானுங்கக்கா."

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை, அங்கேயே உட்காரவைத்து மாற்றுதல் விண்ணப்பத்தை அடிக்க வைத்தேன். திரும்பி வரும்போது கால் வலி. 2019-இல் வீட்டு மாடிப்படியில் விழுந்த கால்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. பிரிவு எழுத்தர் ஒருவர், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு என்னைச் சோதித்தார்.

"பிரசவ வார்டுன்னா ஆளுங்க படுத்துத் தூங்கற இடம்தானே? அப்ப அது குடியிருப்புல வராதா?"

"பெத்த மூணாம் நாளே அனுப்பிடுவாங்க சார். அதுக்குப் பேரு குடியிருப்பா?"

"கிடங்குல வாட்ச்மேன் தூங்குவாரே?"

"ஆபீசுல நீங்களுந்தான் மத்தியானம் தூங்குறீங்க. இது குடியிருப்பா?"

பக்கத்து மேசையில் யாரோ தும்முவதுபோல் சிரித்தார்கள். அதற்குள் கண்காணிப்பாளர் ரமணி மேடம் உள்ளே கூப்பிட்டுவிட்டார். ஐம்பது வயதிருக்கும், அதட்டாமல் பேசுகிறார். நான் கட்டிய, வீடு அல்லாத மூன்று கட்டடங்களுக்குச் சான்று வேண்டும் என்றார். பணி நிறைவுச் சான்றிதழ் எல்லாம் அண்ணன் கம்பெனி பெயரில் இருக்கிறது. "அப்படின்னா அந்தக் கம்பெனிகிட்ட, கட்டினது நீங்கதான்னு ஒரு கடிதம் வாங்கி வாங்க. அது போதும்" என்றார்.

இது ஒரு பெரிய விஷயமா? சொந்த அண்ணன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணன் நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து ஏதோ காகிதங்களுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். இந்தப் பழக்கத்தை ஆரம்பித்ததே நான்தான். அவருடைய முதல் டெண்டருக்கு என் சமையலறை மஞ்சளைக் குழைத்து மூலைக்கு மூலை வைத்துக் கொடுத்தேன், வேலை கிடைத்தது. அதிலிருந்து கரண்டு இணைப்பு விண்ணப்பம்கூட மஞ்சள் இல்லாமல் அந்த வீட்டு வாசலைத் தாண்டாது.

கடிதம் கேட்டேன். மஞ்சள் விரலைத் துண்டில் துடைத்தார்.

"உனக்கு என்னத்துக்கு அம்மிணி இந்த அலைச்சல்? வார்டை நான் எடுத்தாலும் நீதானே கட்டப்போற. பேருல என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீன்னா எம்பேருலயே எடுத்துக்கறனுங்கண்ணா."

அண்ணி சமையலறையில் பாத்திரத்தை வைத்த சத்தம் கேட்டது. அண்ணன் சிரித்தார். "ரெண்டு நாள் பொறு, தர்றேன்" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தேன். கொள்ளுப் பருப்பு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

கொத்தனார் 3. சித்தாள் 4. கடிதம் இன்னும் வரவில்லை. அண்ணனுக்கு வேலை இருக்கும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நான் கட்டிய பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். கட்டடம் கட்டித் தந்தவர் என்று அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினேன். பலமாகத்தான் தட்டினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து தபால். என் விண்ணப்பத்துக்கு எதிராக ஒரு மனு வந்திருக்கிறதாம். 29-ஆம் தேதி விசாரணை. மனுவை நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாமாம்.

ஊரில் யாருக்கு என் மேல் காய்ச்சல்? ராயப்பனுக்கு இருக்கலாம். போன வருஷம் அவனிடமிருந்து ஒரு நல்ல கொத்தனாரை இழுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

மனுவைப் பார்த்தேன். ராயப்பன் இல்லை.

மொட்டைக் கடிதம்தான். கீழே 'உண்மை விளம்பி' என்று போட்டிருக்கிறது. "மேற்படி பெண்மணி வேலைத்தளத்துக்கு டீ கொண்டு வந்ததைத் தவிர வேறெதுவும் செய்தவர் அல்ல. 2019-இல் ஐப்பசி முதல் மார்கழி வரை படுக்கையில் கிடந்தவர், அப்போது நடந்த அரிசி ஆலை வேலையையும் தான் செய்ததாகக் கூறித் திரிகிறார்."

நான் எந்த மாதத்தில் படுத்தேன், எந்த மாதத்தில் எழுந்தேன் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருவர் என் வீட்டுக்காரர்.

காகிதத்தின் நாலு மூலையும் மஞ்சளாக இருந்தது. எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு, "பழைய காயிதமாட்ட இருக்குதுங்க" என்றார். ஆமாங்க, பழசுதான் என்றேன்.

யாரென்று இந்த டைரியில் எழுதமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். அவர் பஸ் கண்டக்டர், ஒருவர் முகத்தைப் பார்த்தே எங்கே இறங்குவார் என்று சொல்லிவிடுவார். மஞ்சளைப் பற்றிச் சொன்னேன்.

"ஊர்ல எல்லார் வீட்லயும் மஞ்சள் இருக்குதுங்க" என்றும் சொன்னேன்.

"இருக்குது. மொட்டைக் கடுதாசிக்கு மஞ்சள் தடவறவன் எத்தனை பேரு?"

துணி மடிக்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வானிலை: கவனிக்கவில்லை. கொத்தனார் 3. சித்தாள் 4. நான்: அரை.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் புழக்கடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். துவைக்கிற மேடையைச் சுற்றி, கொய்யா மரத்துப் பாத்தியைச் சுற்றி, எல்லாம் உடைந்த கியூப் கட்டிகள். பதினோரு வருஷமாக அதன்மேல் தண்ணீர் ஊற்றுகிறேன், இன்றைக்குத்தான் கண் திறந்தது.

இதை வேறு யாராவது படித்தால் புரியவேண்டுமே என்று எழுதுகிறேன். கான்கிரீட் போடுகிற நாளில், அதே கலவையை எடுத்து ஆறங்குலச் சதுரக் கட்டிகளாக வார்ப்போம். அதுதான் கியூப். தண்ணீரில் ஊறப்போட்டு இருபத்தெட்டாம் நாள் பாலிடெக்னிக் லேபுக்குக் கொண்டுபோனால் மிஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்கியது என்று எழுதித் தருவார்கள். கட்டி தாங்கினால் கட்டடம் தாங்கும். வார்க்கும்போதே ஈரத்தில் ஆணியால் கட்டடத்தின் பெயரையும் தேதியையும் கீறிவிடுவேன். உடைந்த கட்டிகளை வீணாக்க மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

லேபுக்குப் போன ஒவ்வொரு முறையும் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோனது நான். அங்கே ஒரு பதிவேடு உண்டு. 'கொண்டு வந்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கையெழுத்துப் போட்டது நான்.

துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றேன். சேலையெல்லாம் சோப்பு நுரை. அவர் பயந்துபோய் என்ன ஆச்சு என்று ஓடிவந்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பாலிடெக்னிக் லேபில் ஜெபசீலன் சார் இருபது வருஷமாகக் கட்டி நசுக்குகிறார். விஷயத்தைச் சொன்னதும் பரணிலிருந்து ஆறு பதிவேடுகளை இறக்கினார். இருவரும் தூசி தட்டி உட்கார்ந்து எண்ணினோம். என் கையெழுத்து இருநூற்றுப் பதினான்கு இடத்தில் இருக்கிறது. 2019 ஐப்பசியிலிருந்து மூன்று மாதம் மட்டும் இல்லை. அந்த மூன்று மாதம் யாருடைய கையெழுத்தும் இல்லை. அரிசி ஆலை வேலையே அந்த மூன்று மாதமும் நின்றுபோயிருந்தது.

"நீங்க படுத்தா வேலையும் படுத்துருச்சும்மா" என்றார் ஜெபசீலன் சார்.

இன்னொன்றையும் காட்டினார். கல்யாண மண்டபத்துக் கட்டி ஒன்று பாரம் தாங்காமல் போன நாள். அதன் எதிரே அவரே எழுதியிருக்கிறார்: "தகவல் தெரிவிக்கப்பட்டது. நான்கு தூண்களை இடித்து மறுபடி கட்டியதாகத் திருமதி கோகிலவாணி தெரிவித்தார்." அந்தச் சண்டை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அண்ணன் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் அது.

பாலிடெக்னிக் முதல்வர் கையெழுத்தோடு நகல் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அண்ணன் வீட்டுக்கு வந்தார். நாளைக்கு விசாரணைக்கு அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள், சான்றிதழ் அவர் பெயரில் இருப்பதால். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். தொடவில்லை.

"அந்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிரு அம்மிணி. அண்ணனும் தங்கச்சியும் ஆபீசுல எதிரும் புதிருமா உக்காந்தா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டுமுங்க. ஊரு சிரிச்சு நாளாச்சு."

பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ தனியாப் போயிட்டா எனக்கு யாரு அம்மிணி கட்டுவா?"

"இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணா. வேற கடிதமே வேண்டாம்."

அவர் முகம் சுருங்கிப்போனது. "காலு முறிஞ்சு கெடந்தப்ப உன்னை ஆசுபத்திரியில சேர்த்தவன் நான். மாடிப்படியில விழுந்தவளை..."

சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "எங்க வீட்டுக்கு மாடியே கெடையாதுங்க மச்சான்."

அண்ணன் எழுந்து போய்விட்டார். காபி ஆடை கட்டிக்கிடந்தது.

சரி, எழுதிவிடுகிறேன். நான் விழுந்தது மாடிப்படியில் இல்லை. அரிசி ஆலைச் சாரத்தில், பதினான்கு அடி உயரத்தில், பலகை நழுவி விழுந்தேன். கேஸ் கீஸ் என்று வந்தால் அண்ணன் கம்பெனி பதிவு போய்விடும் என்று அவர் கெஞ்சினார். ஆஸ்பத்திரியில் மாடிப்படி என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி இந்த டைரியிலும் மாடிப்படி என்றே எழுத வந்துவிட்டது. அவருக்காக நான் மறைத்ததையே எடுத்து அவர் என் மேல் வீசினார். மனு எழுதியது என் அண்ணன். எழுதிவிட்டேன். மனசு எரிகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சிமென்ட் பையில் ஒரு உடைந்த கட்டியை வைத்து எடுத்துப்போனேன். ரமணி மேடம் மேசைமேல் வைக்கப்போக, எழுத்தர் அலறினார். "கண்ணாடிங்கம்மா, கண்ணாடி!" கீழே தரையில் வைத்தேன். அண்ணன் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

அண்ணன் கொண்டுவந்த சான்றிதழ்களை மேடம் வரிசையாக விரித்தார். பக்கத்திலேயே மொட்டைக் கடிதம். எல்லாவற்றுக்கும் நாலு மூலை மஞ்சள். மேடத்தின் விரல் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனது. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

"இந்த ரெண்டும்..."

"மேடம், அது வேண்டாமுங்க" என்றேன். "மனுவை யாரு எழுதினாங்கன்னு நான் கேக்க வரல. நான் கட்டினேனா இல்லையான்னு மட்டும் பாருங்க."

அண்ணன் கழுத்தெல்லாம் வியர்வை. நான் பதிவேட்டு நகலைக் கொடுத்தேன். மேடம் நிதானமாகப் புரட்டினார். அண்ணனைக் கேட்டார், இந்தக் கட்டிகளை லேபுக்குக் கொண்டுபோனது யார் என்று.

"தங்கச்சிதானுங்க. சும்மா கொண்டுபோய்க் குடுக்கறதுதானுங்க. மத்தபடி டீ கொண்டு வருவா, மேற்பார்வை எல்லாம் நான்தான்."

மேடம் அடுத்த பக்கத்தைப் படித்தார். "கல்யாண மண்டபத்துல நாலு தூணை இடிச்சிருக்கு. அதுவும் நீங்க சொல்லித்தானா?"

பாவம், அண்ணனுக்கு அந்தத் தூண் பேச்சு வந்தாலே இரத்தம் கொதிக்கும். "நானாங்க? நல்லா நின்ன தூணுங்க! என்னை ஒரு வார்த்தை கேக்காம, நான் ஊர்ல இல்லாத நேரம் பார்த்து, நாலையும் இடிச்சுப்போட்டாளுங்க இவ! அவளே கம்பி கட்டி, அவளே பலகை அடிச்சு, அவளே மறுபடி போட்டாளுங்க! என்ன திமிரு பாருங்க!"

எழுத்தர் எழுதுவதை நிறுத்தினார்.

"டீ கொண்டு வந்தவங்க எப்படிங்க தூணை இடிச்சாங்க?" என்றார் ரமணி மேடம்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டேன். மேடம் எழுத்தரைப் பார்த்து, "அவர் சொன்னதை அப்படியே எழுதுங்க. கையெழுத்து வாங்குங்க" என்றார். பதினோரு வருஷமாக நான் கேட்காத, கேட்டபோது தராத கடிதத்தை அண்ணன் கடைசியில் கொடுத்துவிட்டார்.

வெளியே படியிறங்கும்போது கால் வலித்தது. சாரத்தில் விழுந்த கால்.

செப்டம்பர் 5, வெள்ளி

கொத்தனார் 3. சித்தாள் 4. கிடங்குக்குக் கூரை ஏறியது.

உத்தரவு வந்துவிட்டது. 'குடியிருப்பு அல்லாத கட்டடம் கட்டுதல்.' நாலு முறை படித்தேன். அவர் ஒரு முறை சத்தமாகப் படித்தார், பஸ்ஸில் நிறுத்தம் அறிவிக்கிற குரலில்.

நேரே முரளிதரனிடம் போனேன். மற்ற பதினாறு பேரையும் வரச்சொல்லியிருந்தேன். பெயர்பெயராக, கட்டுவது என்னவென்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் சரியான எண்ணைப் போடவைத்தேன். கம்ப்யூட்டர் ஒரு தடவைகூடத் தொங்கவில்லை. ராயப்பன், "அக்கா, அந்தக் கொத்தனாரை இப்பவாச்சும் திருப்பித் தருவீங்களா?" என்றான். தரமாட்டேன் என்றேன். கடைசியில் பெயின்டர் சுப்பையன் வந்து எட்டிப்பார்த்தார். "இத்தனை நாளா என்னோட தொழிலை எல்லாரும் பிடுங்கி வெச்சிருந்தீங்களா?" என்று அவருக்கும் கோபம்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் டெண்டர் உறையை மேசைமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் வைப்பதா, வேண்டாமா?

அந்த மஞ்சள் என் சமையலறையில் ஆரம்பித்தது. அதை நான் ஏன் விட்டுக்கொடுக்கவேண்டும்? எழுந்துபோய்க் குழைத்து வந்து நாலு மூலையிலும் அழுத்தி வைத்தேன்.

மூன்று மணிக்கு மருத்துவமனை அலுவலகத்தில் பெட்டியைத் திறந்தார்கள். அண்ணன் தூண் ஓரமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பெட்டியில் இரண்டே இரண்டு உறை. குமாஸ்தா அன்றைக்கு எனக்கு விண்ணப்பம் தரமாட்டேன் என்றவர்தான். என் உறையைப் பிரித்து எல்லோரும் கேட்கப் படித்தார். "கோகிலவாணி கட்டுமானம். வகைப்பாடு: குடியிருப்பு அல்லாத கட்டடம் கட்டுதல். தகுதி உண்டு." அவருக்கு அது ஒரு வரி.

யாருக்கு வேலை என்று அடுத்த வாரம் முடிவு சொல்வார்களாம். கிடைத்தால், அந்த வார்டில் பிள்ளை பெறுகிறவள் தலைக்கு மேல் நிற்கிற கூரை நான் போட்டதாக இருக்கும், என் பெயரும் இருக்கும். கிடைக்காவிட்டால் அண்ணன் வேறு ஆளைத் தேடிக்கொள்ளட்டும். அவர் பெயரில் இனி ஒரு செங்கல்கூட வைக்கமாட்டேன்.

குமாஸ்தா இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எட்டு மூலையும் மஞ்சள்.

"ரெண்டும் ஒரே வீட்ல இருந்து வந்ததுங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தார், பதினோரு வருஷமாக எல்லாக் கேள்விக்கும் காத்திருந்ததுபோல.

"இல்லீங்க" என்றேன். "ரெண்டு கம்பெனி. எழுதிக்கங்க."

வானிலை: வெயில். கொத்தனார் 3. சித்தாள் 4. கம்பெனி 2.